முதல் சம்பளம் வரும்வரை

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை வேலைக்குத் தயார்செய்யத் தமிழ்நாட்டில் வழிகளுக்குக் குறைவில்லை. ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் 2 ஆண்டு; வெல்டர் 1 ஆண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகையுடன் ஆலையிலேயே வேலை பழகலாம். 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா 15 முதல் 35 வயது வரையுள்ள கிராமப்புற ஏழைகளுக்கானது. தொழிலோடு ஆங்கிலமும் கணினியும் சொல்லித்தருகிறது.

ஆனால் பாடமெல்லாம் வேலை கிடைக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தடுமாறுவதோ அதற்கு அடுத்த நாளிலிருந்து.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1-ஆம் தேதி ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலைக்குச் சேர்பவர் 37 நாட்கள் காத்திருக்க நேரலாம். அதற்குள் அறைக்கு அட்வான்ஸ், மெஸ்ஸுக்கு முன்பணம், பஸ் செலவு. அம்மா மகளிர் குழுவில் வாங்கித் தந்த கடன் பாதி மாதத்திலேயே கரைந்துவிடும்.

அடுத்த சிக்கல் பெயரில். சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பாஸ்புக்கில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிஎஃப் கணக்கு அங்கேயே சிக்கிக்கொள்ளும். திருத்தப் போனால் ஒருநாள் சம்பளம் போய்விடும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது லீவு. பாட்டி இறந்த செய்தி வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிடுகிற பையன்கள் உண்டு. "கேட்டா தர மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்பார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தால் கேட்டிலேயே நிறுத்தப்படுவார்கள். இது திமிர் அல்ல. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். அனுமதி கேட்கும் வழக்கமே கிடையாது. அப்பா ஒருநாளும் லீவு லெட்டர் எழுதிப் பார்த்திராத பிள்ளைக்கு அது தானாக வராது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்பது வேலை கொடுப்பவர்களின் வாதம். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பொறுமை மட்டும் இந்தச் சிக்கல்களைத் தீர்க்காது.

வேலையில் சேர்ந்த பிறகும் மாதம் 1,000 ரூபாய் வீதம் சில மாதங்கள் கொடுக்க தீன்தயாள் திட்டத்தின் விதிகளில் இடம் வைத்தார்கள். நல்ல யோசனை. அந்தப் பணம் வேலையில் சேரும் அன்றே கைக்கு வர வேண்டும். பெயர்த் திருத்தத்தைப் பயிற்சி நிலையமே முடித்துத் தர வேண்டும். சூப்பர்வைசரிடம் லீவு கேட்பதை, வெல்டிங் பழக்குவதுபோல, வகுப்பிலேயே பத்து முறை சொல்லிப் பார்க்கவைக்க வேண்டும்.