ஒரே பை, மூன்று ஆயுள்

கொடையாளர் கொடுக்கும் 350 மில்லி ரத்தம் இப்போதெல்லாம் பெரும்பாலும் அப்படியே நோயாளிக்கு ஏற்றப்படுவதில்லை. எடுத்த சில மணி நேரத்துக்குள் அந்தப் பை சென்ட்ரிஃப்யூஜ் இயந்திரத்துக்குள் போகிறது. வேகமாகச் சுற்றி வெளியே வரும்போது அடியில் அடர்சிவப்பு, மேலே வெளிர்மஞ்சள் திரவம், இரண்டுக்கும் நடுவே பாலேடு போல ஒரு மெல்லிய வெண்படலம். ரத்தம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதன் உட்பிரிவுகள் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

பிரித்தவற்றை மூன்று இடங்களில் வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் 42 நாள் வரை தாங்கும். மஞ்சள் திரவமான பிளாஸ்மா, மைனஸ் 30 டிகிரியில் உறைந்து ஓராண்டு கிடக்கும். தட்டணுக்களுக்கோ குளிரே ஆகாது; அறை வெப்பத்தில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் தட்டின் மேல் 5 நாள்தான் ஆயுள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடினாலே ரத்தத்தில் யாருக்கு என்ன வேலை என்பது விளங்கிவிடும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் சுமார் 45 விழுக்காடு அணுக்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை சிவப்பணுக்கள். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே சிவப்பணு தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. உள்ளே இருக்கும் இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்குத்தான். ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வோர் இரும்பும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டறிய அறிவியலாளர் மாக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு அதில் துளியும் தனக்கென எடுத்துக்கொள்வதில்லை. ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸை உடைத்துப் பிழைக்கிறது. அதனால்தான் ரத்தப் பையில் குளுக்கோஸும் சேர்த்து வைக்கிறார்கள். குளிரில் வைத்தால் அணுவின் செலவு குறையும், இருப்பு நீடிக்கும். உடலுக்குள் அதன் ஆயுள் சுமார் 120 நாள். முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் பிரித்தெடுத்து, இரும்பைப் புது அணுக்களுக்காக மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. மஜ்ஜையில் நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் பிறந்தபடி இருக்கின்றன.

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில்தான் அத்தனை நுட்பமும். ஆல்புமின் என்ற புரதம் நீரை ரத்தக் குழாய்க்குள்ளேயே இழுத்துப் பிடிக்கிறது. அது குறைந்தால் கால் வீங்கும், வயிறு உப்பும். நோயெதிர்ப்புப் புரதங்கள், ஹார்மோன்கள், சர்க்கரை, உப்பு, சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய யூரியா, உடலின் வெப்பம் எல்லாவற்றுக்கும் இதுவே போக்குவரத்து. ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளும் இதில்தான் இருக்கின்றன. அவற்றில் சில சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் பிளாஸ்மாவைக் கடுங்குளிரில் உறையவைத்துக் காக்கிறார்கள். உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கினால் அடியில் தங்கும் படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை அமெரிக்காவின் ஜூடித் பூல் 1964இல் காட்டினார். அந்தக் காரணி குறைவால் ரத்தம் எளிதில் உறையாமல், அதுவரை சிறு காயத்துக்கும் அஞ்சி வாழ்ந்த ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு அது பெரும் விடுதலை.

பிளாஸ்மாவில் உள்ள நோயெதிர்ப்புப் புரதமும் மருந்தாகும். ஆஸ்திரேலியக் கொடையாளர் ஜேம்ஸ் ஹாரிசனுடைய பிளாஸ்மாவில் ஓர் அரிய நோயெதிர்ப்புப் புரதம் இருந்தது. ஆர்எச் நெகட்டிவ் தாயின் உடல், வயிற்றில் வளரும் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தைத் தாக்காமல் தடுக்கும் மருந்து அதிலிருந்து தயாரானது. 1954 முதல் 2018 வரை அவர் 1,173 முறை கொடை அளித்தார். அந்த மருந்து சென்றடைந்த குழந்தைகள் ஏறக்குறைய 24 லட்சம் என்பது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு.

நடுவே இருக்கும் வெண்படலத்தில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருக்கும். வெள்ளையணுக்கள் நம் உடலுக்குக் காவலர்கள். ஆனால் இன்னொருவர் உடலுக்குள் போனால் காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் கிளப்பக்கூடும். ஆகவே முடிந்தவரை அவற்றை வடிகட்டி அகற்றுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் என்று சொல்லப்படும் தட்டணுக்கள் முழு அணுக்களே அல்ல. மஜ்ஜையிலுள்ள பெரிய அணுக்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள். ரத்தக் குழாயில் கீறல் விழுந்ததும் முதலில் ஓடி வந்து ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை இவை. குளிரவைத்தால் உருமாறிவிடும், பிறகு நோயாளியின் உடலில் ஏற்றினாலும் கல்லீரல் அவற்றை விரைவில் அகற்றிவிடும். ஆட்டாமல் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டெங்கு பரவும் மாதங்களில் தமிழ்நாட்டில் பிளேட்லெட் என்ற பெயர் எல்லார் வாயிலும் அடிபடும். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் சில ஆயிரங்களாகச் சரியும்போது உறவினர்கள் பதறுவது இயல்பே. ஆனால் டெங்குவில் முதன்மையான ஆபத்து பிளாஸ்மா குழாயைவிட்டுக் கசிவதுதான். உரிய நேரத்தில் அளவறிந்து திரவம் கொடுப்பதே உயிரைக் காக்கும் சிகிச்சை. ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை சரிந்தது என்பதற்காக மட்டும் பொதுவாகத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. எப்போது ஏற்றுவது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இப்படி ரத்தத்தைப் பிரித்துச் சேமிப்பது மனிதருக்கு வாய்த்து அதிக காலம் ஆகவில்லை. ரத்தப் பிரிவுகளை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வகைப்படுத்தியது 1901இல். ஆனாலும் உடலைவிட்டு வெளியே வந்த ரத்தம் நிமிடங்களில் உறைந்துவிடுவதால், கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுக்க வேண்டியிருந்தது. உறைவதற்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் உப்பு அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். 1914இல் பிரஸ்ஸல்ஸில் ஆல்பர்ட் ஹுஸ்டின் சிட்ரேட் கலந்த ரத்தத்தை ஏற்றிக் காட்டினார். பின்னர் கண்ணாடிப் புட்டியின் இடத்துக்கு பிளாஸ்டிக் பை வந்தது, பிரிப்பது எளிதானது. அந்தப் பையை இந்தியாவிலேயே செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனம்.

இத்தனை அறிவியல் வளர்ந்தும் நம் ரத்த வங்கிகளில் தட்டணுவின் ஆயுள் பொதுவாக அந்த 5 நாள்தான். ஒரே நாளில் ஆயிரம் பேர் முகாமில் கொடுத்தாலும் அடுத்த வாரம் புற்றுநோய் வார்டில் இருப்பவருக்கு அந்தத் தட்டணுக்கள் உதவா. 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோ எடைக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சிறப்பு நாளுக்காகக் காத்திருக்காமல், சாதாரண நாளொன்றில் அருகிலுள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.