இஸ்பேட் ராஜா சொன்ன பொய்: ஒரு சீட்டுக் கையை வாசித்தல்

கோத்தகிரிப் பக்கம் ஓர் இலைக் கொட்டகை. பறித்த பச்சைத் தேயிலையைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு ஃபேக்டரி லாரிக்காகக் காத்திருக்கிற நேரத்தில் அங்கே மூணு சீட்டு நடக்கும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ஆட்டம்தான். போன மழைக்காலத்தில் ஒரு பையன் தன் செல்போனில் பழைய போக்கர் ஆட்டமொன்றைக் காட்டினான். சுற்றி நின்று பார்த்தோம். ஒருவன் கையில் ஒன்றுமே இல்லாமல், தன்னிடம் இருப்பதையெல்லாம் மேசை நடுவில் தள்ளுகிறான். எதிராளி, ஜெயிக்கிற சீட்டை வைத்துக்கொண்டே கவிழ்த்துவிடுகிறான். கொட்டகை சிரித்தது. 'மடையன்' என்றார்கள். சிறு தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "அவனால கவுக்க முடிஞ்சுது, கவுத்துட்டான். இதுல சிரிக்க என்ன தம்பி இருக்கு?" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அது 2003 மே மாதம் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம். 839 பேர் தலைக்குப் பத்தாயிரம் மதிப்புள்ள வில்லைகளோடு தொடங்கி, கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் கிறிஸ் மனிமேக்கர். டென்னஸியைச் சேர்ந்த கணக்கர், நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத் தகுதிச் சுற்றின் வழியாக உள்ளே வந்தவர். மற்றவர் பெய்ரூத்தில் பிறந்த சாமி ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர்.

விளையாட்டு சுலபம். ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். இந்த ஏழில் யாருடைய ஐந்து உயர்ந்ததோ அவருக்கு ஜெயம். ஆனால் மற்ற எல்லோரும் கவிழ்த்துவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டவே வேண்டியதில்லை. போக்கர் முழுவதும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. அர்த்தத்தைக் காட்டாமலேயே ஒரு பிரதி ஜெயிக்கலாம் என்பது அந்த விதி.

மனிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். ஃபர்ஹா கையில் இஸ்பேட் ராணியும் ஆட்டின் ஒன்பதும். மனிமேக்கர் ஒரு லட்சம் கட்ட, ஃபர்ஹா ஈடு கட்டினார். திறந்த மூன்று: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபர்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி சேர்ந்துவிட்டது. இருந்தும் இருவரும் பேசாமல் விட்டார்கள். நான்காவது, இஸ்பேட் எட்டு. இப்போது இருவருமே இன்னொரு இஸ்பேட் வந்தால் ஐந்து இஸ்பேட் என்ற நிலையில் நிற்கிறார்கள். மனிமேக்கருக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையும் பக்கத்தில் வந்திருக்கிறது. ஃபர்ஹா மூன்று லட்சம் கட்டுகிறார். மனிமேக்கர் எட்டு லட்சமாக ஏற்றுகிறார். ஃபர்ஹா ஈடு கட்டுகிறார். ஐந்தாவது, ஆட்டின் மூன்று. யாருக்கும் உதவாத சீட்டு. மனிமேக்கரின் எதிர்பார்ப்பு அத்தனையும் மண். அவர் கையில் மிச்சம் வெறும் ராஜா. ஃபர்ஹா பந்தயம் கட்டாமல் விடுகிறார். மனிமேக்கர் எல்லாவற்றையும் தள்ளுகிறார்.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த்தை வைத்துக்கொண்டு நாம் பேசித் தீர்த்த காலம் உண்டு. போக்கர் மேசையில் ஆசிரியன் சாகவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் கட்டிய பந்தயங்கள்தான் பிரதி. நான்காவது இஸ்பேட் வந்ததும் ஏற்றினான், கடைசியில் முழுவதையும் தள்ளினான் என்ற இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்தால், 'என்னிடம் ஐந்து இஸ்பேட் முன்பே சேர்ந்துவிட்டது' என்ற கதை வருகிறது. இதைத்தான் நம் ஊரில் உதார் என்கிறோம். உதார் என்பது சும்மா சத்தம் போடுவது அல்ல. முன்னுக்குப் பின் முரணில்லாத கதையாடல் அது. குறிப்பீடு இல்லாத குறிப்பான்களை ஒழுங்கான வரிசையில் அடுக்குகிற வேலை. பிரதி என்றால் அச்சடித்த தாள் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிற நம் விமர்சகர்கள் ஒரு மணி நேரம் சீட்டாட்டம் பார்க்கலாம்.

ஃபர்ஹா இந்தப் பிரதியைத் தப்பாக வாசிக்கவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இஸ்பேட் வராமல் போய்விட்டதா என்று அவர் எதிராளியிடமே வாய்விட்டுக் கேட்கிறார். அதுதான் உண்மையும்கூட. சரியாக வாசித்துவிட்டு, தன் வாசிப்பை நம்பாமல் கவிழ்க்கிறார். நமக்கோ, மேசை ஓரத்துக் கேமரா இருவர் சீட்டையும் முன்பே காட்டிவிட்டது. எல்லாம் தெரிந்த கதைசொல்லியின் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். நடுவில் 18 லட்சம் கிடந்தது. ஈடு கட்ட ஃபர்ஹா தன்னிடம் மிஞ்சிய ஏறத்தாழ 29 லட்சத்தையும் போட வேண்டும். ஜெயித்தால் 47 லட்சம் லாபம். அப்படியானால் நூற்றுக்கு 38 தடவைக்கு மேல் எதிராளி உதார் விடுகிறான் என்று நம்பினால் ஈடு கட்டுவது சரி, இல்லையென்றால் கவிழ்ப்பது சரி. ஃபான் நாய்மனும் மார்கென்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. உதாரை அவர்கள் ஒழுக்கக் கேடாகப் பார்க்கவில்லை. ஒருபோதும் உதார் விடாதவன் பெரிய சீட்டோடு பந்தயம் கட்டும்போது எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். அவனுடைய உண்மைக்கு விலை கிடைக்க வேண்டுமென்றால் அவன் அவ்வப்போது பொய் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு. அந்த நேரத்தில் இருவருக்குமே இரண்டாம் பரிசான 13 லட்சம் டாலர் உறுதியாகிவிட்டது. கவிழ்த்தாலும் ஃபர்ஹாவிடம் அடுத்த ஆட்டத்துக்கு வில்லைகள் இருந்தன. அதே ஃபர்ஹா சற்று நேரத்தில் ஜாக்கி ஜோடியோடு எல்லாவற்றையும் போட்டு, இரண்டு ஜோடியோடு காத்திருந்த மனிமேக்கரிடம் தோற்றது வேறு கதை. காத்திருக்க முடிகிறவன் மட்டும்தான் கவிழ்க்க முடியும். பெரியவர் சொன்னது இதைத்தான்.

நம் சட்டச் சொல்லாடல் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. அது 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற ஒற்றைக் கேள்வியிலேயே சுற்றுகிறது. 1967இல் உச்ச நீதிமன்றம் செகந்திராபாத் மனமகிழ் மன்றமொன்றின் வழக்கில் ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்றது. (எங்கள் கொட்டகைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.) 1996இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமையாயிற்று. அந்தக் கிளப் வைத்திருந்த ஊட்டி மைதானத்தை, குத்தகை பாக்கிக்காக 2024இல் அரசு எடுத்துக்கொண்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமை பற்றிய கேள்வியையே ஓரமாக வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

1967 தீர்ப்பில் யாரும் அதிகம் எடுத்துப் பேசாத இன்னொரு பகுதி உண்டு. ஆட்டத்திலிருந்து ஆட்ட இடத்தின் சொந்தக்காரர் லாபம் பார்த்தால் குற்றம் நிற்கலாம் என்கிறது அது. ஆடுகிறவனின் மூளையை அளப்பதை விட்டுவிட்டு மேசை யாருடையது என்று பார்க்கிற பார்வை இது. நம் மரபிலும் இதற்கு இடம் இருக்கிறது. பாரதக் கதையில் சகுனியின் காயைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். பாஞ்சாலி கேட்டது காயைப் பற்றி அல்ல. தன்னையே தோற்றவன் என்னை எப்படிப் பந்தயமாக வைத்தான் என்று, வைக்கிற உரிமையைப் பற்றிக் கேட்டாள்.

கொட்டகைக்கே திரும்பலாம். பறித்த இலை நாள் கடந்தால் வாடிச் சூடேறிக் கெட்டுவிடும். அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். கொடுக்கிற அன்று விலை தெரியாது. ஏலத்தில் தூள் போன சராசரியை வைத்து மாதம் முடிந்த பிறகுதான் தேயிலை வாரியம் இலைக்கான விலையை அறிவிக்கிறது. மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமலே பணம் கட்டுவதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். அதை ஆடுகிறவன் நெஞ்சழுத்தக்காரன் என்று ஒரு பெயர் உண்டு. சிறு விவசாயி மாதம் முழுவதும் பிளைண்ட் ஆடுகிறான். அதற்கு நெஞ்சழுத்தம் காரணமில்லை, இலைக்குப் பொறுமை கிடையாது. விலை சரியில்லை என்று கவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குக் காத்திருக்க அவனால் ஆகாது. எதிரே இருப்பவன் சொல்வது உதார் என்று சந்தேகப்பட்டாலும், காட்டு என்று கேட்க அவனிடம் வில்லை இல்லை. 'இவ்வளவுதான் கொடுக்க முடியும்' என்று ஃபேக்டரியில் சொல்கிறபோது அது உண்மையா, இஸ்பேட் ராஜாவா என்று இவன் எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த வாரம் போனபோது பெரியவரிடம் ஃபர்ஹா கணக்கைச் சொன்னேன். 29, 47, 38 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, அந்த மேசையில ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" என்றார். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும் என்றேன். "நமக்கு பதினஞ்சு நாளு" என்றார். செடி மறுபடி தளிர்விட்டுக் கொடுக்கிற கணக்கைச் சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது.