அல்ட்ரா: எல்லையைச் சுட்டிய சொல்

செல்பேசிப் பெயர்களிலும் சிமெண்ட் மூட்டைகளிலும் தாராளமாகப் புழங்கும் 'அல்ட்ரா' என்னும் ஆங்கிலச் சொல், 'மிக மிக' என்றோ 'உச்சம்' என்றோ இன்று பொருள் கொள்ளப்படுகிறது. அதை ஆங்கிலத்துக்குத் தந்த லத்தீன் மொழியிலோ 'அப்பால்' என்பதே அதன் பொருள்.

இந்தப் பழம்பொருளை ஒரு வண்ணத்தின் பெயர் அப்படியே காத்து வைத்திருக்கிறது. இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் பொன்னுக்கு நிகராக மதித்த 'அல்ட்ராமரீன்' என்னும் நீலம், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற கல்லைப் பொடித்துச் செய்யப்பட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்தமையால் அப்பெயர் பெற்றதேயன்றி, நிறத்தின் அடர்த்திக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் அதைச் செயற்கையாக ஆக்கும் முறை கண்டறியப்பட்ட பின் விலை சரிந்து, வெளுத்த துணிக்குப் போடும் நீலப்பொடியாகவும் அது வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

சொல்லின் போக்கைத் திருப்பியது பிரெஞ்சு அரசியல். 1815இல் நெப்போலியன் இறுதியாக வீழ்ந்தபின் மீண்டும் அரியணையில் அமர்ந்த 18ஆம் லூயி, மன்னரின் அதிகாரத்துக்கு ஓரளவு வரம்பிட்ட சாசனத்தை ஏற்று ஆண்டார். அதைப் பொறாமல், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பிருந்த உரிமைகள் பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் திரும்ப வேண்டுமென்று வாதிட்டவர்கள் 'அல்ட்ரா ராயலிஸ்டுகள்', அதாவது மன்னரைக் காட்டிலும் மன்னராட்சிப் பற்று மிக்கவர்கள், எனப்பட்டனர். நாளடைவில் வெறும் 'அல்ட்ராக்கள்' என்றே சுட்டப்பட்டனர். அவர்களின் தலைவராக விளங்கிய மன்னரின் தம்பி, 1824இல் 10ஆம் சார்லஸாக அரியணை ஏறி, 1830 ஜூலைப் புரட்சியில் முடியிழந்தார். இங்கிலாந்திலும் 1829இல் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்குவதை எதிர்த்த டோரிக் கட்சியினர் 'அல்ட்ரா டோரிகள்' ஆயினர். இடத்தைக் குறித்த சொல், இவ்வாறு மிதமிஞ்சிய மனப்போக்கைக் குறிக்கலாயிற்று. அதில் பழிப்பும் கலந்திருந்தது என்பதை மறக்கலாகாது.

அறிவியலோ பழம்பொருளை விட்டுக்கொடுக்கவில்லை. 1801இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு வெளியே கண்ணுக்கு எதுவும் புலப்படாத இடத்தில் வைத்த சில்வர் குளோரைடு விரைந்து கறுப்பதைக் கண்டார். அக்கதிர்களுக்குப் பின்னாளில் அமைந்த 'அல்ட்ரா வயலட்' என்னும் பெயர் ஊதாவைத் தாண்டியது என்று பொருள்படுமே தவிர, மிகுந்த ஊதா என்று பொருள்படாது. தமிழில் 'புற ஊதா' என்று வழங்குவது அதனால் மிகப் பொருத்தமானது. அவ்வாறே 'அல்ட்ராசவுண்ட்' என்பது பேரோசையன்று. மனிதச் செவியின் மேல் எல்லையாகிய நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளைக் கடந்து, எவர் காதிலும் விழாத ஒலி. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் அது நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்கிறது.

இச்சொல் உச்சத்தைக் குறிப்பதில்லை என்பதற்கு வானொலி அலைகளின் வகைப்பாடே போதிய சான்று. 'வெரி', 'அல்ட்ரா', 'சூப்பர்', 'எக்ஸ்ட்ரீம்லி' என அதிர்வெண் வரிசை ஏறுகையில், 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அல்ட்ராவுக்கு மேலே இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. தொலைக்காட்சித் திரையில் 'அல்ட்ரா ஹெச்டி' என்றால், முந்தைய 'ஃபுல் ஹெச்டி' திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு, அதாவது 3840க்கு 2160 புள்ளிகள். இங்கெல்லாம் கடக்கப்பட்ட எல்லை எதுவென்று எண்ணால் சொல்ல முடிகிறது. சோப்புத்தூளின் உறையிலோ ஷாம்பு புட்டியிலோ அச்சொல் இருந்தால், எதற்கு அப்பால் என்ற கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. அங்கே அது விற்பனைக்கான அலங்காரம் மட்டுமே.