கீஸாவைக் கடைசியில் பாருங்கள்

கெய்ரோ மாநகருக்கு வருகிற பிரயாணிகளில் பெரும்பாலோர், வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே கீஸாவுக்கு விரைந்து, மூன்று பெரிய பிரமிடுகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஒட்டகத்தின் மேல் அமர்ந்து ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எகிப்து என்று சொன்ன மாத்திரத்தில் மனக்கண்ணில் எழுகிற உருவம் எதுவோ, அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று பறப்பது மனித சுபாவந்தான். ஆயினும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கீஸாவை முதலில் பார்ப்பது, இலையில் உட்கார்ந்தவுடன் பாயசத்தைக் குடித்துவிட்டுப் பிறகு சாம்பாரில் ருசியில்லை என்று சொல்வதைப் போன்றது. ஒரு நாள் வாடகைக்குக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, கீஸாவைத் தொடாமல் நேரே தெற்கே போய், சக்காராவையும் தஹ்ஷூரையும் பார்த்த பிற்பாடு, வடக்கே திரும்பி வருகிற வழியில் கடைசியாகக் கீஸாவில் இறங்குவதே உத்தமம். பிரமிடு என்பது ஒரே நாளில் ஒரு மகாராஜாவின் கட்டளைக்குப் பணிந்து எழுந்து நின்ற அதிசயமல்ல என்பதும், ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் தவறு செய்து, தவற்றைத் திருத்தி, மறுபடியும் தவறு செய்து மனிதர்கள் கற்றுக்கொண்ட வித்தை அது என்பதும், இந்த வரிசையில் போகிறவர்களுக்குத்தான் பிரத்தியட்சமாகும்.

நகரத்தின் வாகன இரைச்சல் அடங்கியதும், நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு வாய்க்காலை ஒட்டிப் பாதை செல்கிறது. இருபுறமும் பேரீச்ச மரங்களும், குதிரை மசால் வயல்களும், கழுதை வண்டிகளும். திடீரென்று, வரப்பு ஒன்றைத் தாண்டியதுபோலப் பசுமை அற்றுப்போய் மணல் ஆரம்பிக்கிறது. நதியின் ஈரம் எட்டிய இடம் வரையில் வயல், எட்டாத இடமெல்லாம் பாலைவனம். சூரியன் அஸ்தமிக்கிற மேற்குத் திசையே இறந்தவர்களின் திசை என்று பண்டை எகிப்தியர் கருதியபடியால், உயிரோடிருப்பவர்கள் பசுமையிலும் செத்தவர்கள் மணலிலுமாக அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் வசித்து வந்தார்கள் என்று சொல்லலாம். கீஸா முதல் தஹ்ஷூர் வரை நீளும் இந்த மயானபூமி முழுவதும் 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கெய்ரோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள சக்காராவில்தான் கதை தொடங்குகிறது. பிரமிடுகளுக்கு முந்தைய அரசர்களைப் புதைத்த இடத்தின் மேல், வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் நீண்ட சதுரமாக ஒரு மேடை எழுப்புவது வழக்கம். அம்மேடைக்கு இப்போது வழங்குகிற பெயர் மஸ்தபா. அரபு மொழியில் அந்தச் சொல்லுக்கு வீட்டு வாசலில் உட்காருகிற திண்ணை என்றே பொருள். கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் ஜோசர் என்ற அரசனுக்காக இப்படிப்பட்ட திண்ணை ஒன்றைச் செங்கல்லுக்குப் பதிலாகக் கல்லினால் கட்டத் தொடங்கிய அவனுடைய மந்திரி இம்ஹோடெப், கட்டி முடித்ததில் திருப்தியடையாமல் அதை அகலப்படுத்தி, அதன் மேல் சிறிய திண்ணை ஒன்றும், அதன் மேல் அதனினும் சிறியது ஒன்றுமாக அடுக்கி, முதலில் நான்கு படிகளும் பின்னர் ஆறு படிகளுமாக உயர்த்திவிட்டார். 62 மீட்டர் உயரமுள்ள அந்தப் படிப் பிரமிடுதான் பிரமிடுகளிலெல்லாம் மூத்தது.

பிரமிடைக் காட்டிலும் அதன் மதிலும் வாசல் மண்டபமும் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தன. மதிலில் வாசல்கள் போலத் தோன்றுபவை பல. அவற்றுள் 14 வெறும் பொய்க் கதவுகள், உள்ளே போகத்தக்கது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றின் வழியாக நுழைந்தால் இருவரிசையாக 40 தூண்கள் நிற்கின்றன. அருகில் போய்த் தடவிப் பாருங்கள்: கல்லில், நாணல் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுப் போல வரி வரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே கூரைக் கல்லைப் பனங்கட்டை போல உருளையாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாணலும் மரமும் மண்ணும் தவிர வேறெதையும் கொண்டு கட்டிப் பழகாத கைகளுக்கு முதன்முதலாகக் கல் கிடைத்தபோது, கல்லுக்கென்று ஓர் உருவம் உண்டென்பது தெரியாமல், தெரிந்த நாணலையே கல்லில் செய்துவிட்டன. தூண்கள் தனியாக நின்றால் கூரையைத் தாங்குமோ தாங்காதோ என்ற சந்தேகத்தினால், ஒவ்வொரு தூணையும் பக்கச் சுவரோடு ஒரு குட்டைச் சுவரால் பிணைத்தும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்தவர்கள் எவ்வளவு பயந்துகொண்டே சாதித்தார்கள் என்பதை அந்தக் குட்டைச் சுவர்கள் சொல்லிவிடுகின்றன.

பிரமிடின் வடபுறத்தில், சற்றே பின்புறம் சாய்ந்த ஒரு கல் அறை உண்டு. அதற்கு வாசல் இல்லை, கண் உயரத்தில் இரண்டு துவாரங்கள் மட்டும் உண்டு. குனிந்து பார்த்தால் இருட்டினுள்ளே ஜோசர் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். செத்த அரசன் வெளியே நடக்கிற பூஜைகளைக் காண வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இப்போது அங்கே இருப்பது நகல். அசல், கண்மணிகள் பெயர்த்தெடுக்கப்பட்ட முகத்தோடு கெய்ரோ மியூசியத்தில் இருக்கிறது. இடிந்து சிதறிக் கிடந்த இந்த வளாகத்தைக் கல் கல்லாகப் பொறுக்கிச் சேர்த்து நிறுத்தியவர் ழான்-பிலிப் லௌவேர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1926-இல் சக்காராவுக்கு வந்த அவர், 2001-இல் தமது 99-ஆவது வயதில் காலமாகும் வரையில் அந்த வேலையை விடவில்லை. ஜோசருக்கு ஒரு இம்ஹோடெப் போதவில்லை போலும்.

சக்காராவை விட்டுக் கிளம்புமுன் தீ என்ற உத்தியோகஸ்தனின் மஸ்தபாவுக்குள் அவசியம் நுழைய வேண்டும். சுவர் முழுதும் உழவும், அறுப்பும், படகு கட்டுதலும், மீன்பிடித்தலும் மெல்லிய புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. ஓரிடத்தில் மாட்டு மந்தை ஆற்றைக் கடக்கிறது. நீரில் இறங்க அஞ்சுகிற கன்றை இடையன் முதுகில் சுமந்து முன்னே நடக்கிறான். கன்று கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. தாய்ப்பசு முகத்தை நீட்டிக் கொண்டு பின்தொடர்கிறது. நாலாயிரத்து நானூறு வருஷத்துக் கன்று அது. நம் ஊர் ஆற்றங்கரையில் வளர்ந்தவர் எவருக்கும் அந்தச் சுவரை விளக்கிச் சொல்ல வழிகாட்டி தேவைப்படாது.

அருகிலே மெம்பிஸ். எகிப்தின் ஆதி தலைநகரமாயிருந்த அந்த மகாபட்டணத்தில் இன்று பார்ப்பதற்கு மிச்சமாயிருப்பவை, மல்லாந்து கிடக்கிற இரண்டாம் ராம்ஸேஸின் பிரம்மாண்டமான சிலையும், வெண்பளிங்கு போன்ற கல்லில் ஒரு ஸ்பிங்ஸும், பேரீச்சந்தோப்பும்தான். அரைமணி நேரம் போதும். வாழ்ந்தவர்களின் வீடுகள் மண்ணால் ஆனவை, மண்ணோடு போயின. செத்தவர்களின் வீடுகள் கல்லால் ஆனவை, நின்றன.

இன்னும் தெற்கே தஹ்ஷூர். இராணுவப் பகுதியாயிருந்தபடியால் 1996 வரையில் பிரயாணிகள் எட்டிப் பார்க்க முடியாதிருந்த ஸ்தலம். இன்றைக்கும் அங்கே கூட்டம் கிடையாது. ஸ்நெஃபரு என்ற அரசன் படிகளில்லாமல் வழவழப்பான சரிவுகளோடு ஒரு பிரமிடு கட்ட விரும்பினான். 54 பாகைச் சரிவில் வேலை மேலே மேலே எழும்பிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்த இளகிய மண் பாரம் தாங்காமல் அமுங்கியது. உள்ளறைகளில் விரிசல்கள் கண்டன. லெபனானிலிருந்து வந்த தேவதாரு மரங்களை உள்ளே குறுக்காக முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, மேற்பாதியின் சரிவைச் சட்டென்று 43 பாகையாகக் குறைத்து, பாரத்தைக் குறைத்து, ஒருவாறாகக் கட்டி முடித்தார்கள். அதனால் அந்தப் பிரமிடு நடுவில் தோள் இறங்கியதுபோல் வளைந்து நிற்கிறது. முட்டுக்கொடுத்த மரங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன. உலகத்தில் எத்தனையோ அரசர்கள் தங்கள் வெற்றியைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஒரு பொறியாளனின் நெஞ்சு திக்கென்ற கணத்தை இத்தனை பெரிய எழுத்தில் எழுதியவர் வேறெவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்நெஃபரு அதோடு விடவில்லை. சற்று வடக்கே, தொடக்கத்திலிருந்தே 43 பாகைச் சரிவில், சிவந்த கல்லால் இன்னொன்று கட்டினான். 105 மீட்டர் உயரமுள்ள அதுவே கோணலின்றி நிறைவேறிய முதல் பிரமிடு. வெளியே படியேறி வாசலை அடைந்து, பின்பு சுமார் 60 மீட்டர் தூரம் முதுகை ஒடித்துக்கொண்டு சுரங்க வழியில் இறங்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியையும், மறுநாள் தொடைகளில் ஏற்படும் வலியையும் பொறுத்துக்கொள்வதாயிருந்தால், கற்களை வரிக்கு வரி உள்வாங்கி அடுக்கி, கும்பிட்ட கைகளைப்போல் உச்சியில் சேர்த்திருக்கிற அந்த அறைகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த கண்ணோடு கீஸாவுக்கு வந்து நின்றால், கூஃபுவின் பிரமிடு வேறுவிதமாகத் தெரிகிறது. ஸ்நெஃபருவின் மகன் கூஃபு. தகப்பன் அஞ்சிக் கைவிட்ட 54-க்கும், ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்ட 43-க்கும் இடையே, பாறைத் தரையின் மேல், ஏறக்குறைய 52 பாகைச் சரிவில் மகன் கட்டினான். 146 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்த மலையில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதைக் கட்டியவனுக்கு முழு உருவமாகக் கிடைத்திருக்கிற ஒரே சிலை, தந்தத்தில் செய்த 7.5 சென்டிமீட்டர் பொம்மை! கீஸாவில் மற்றபடி விஸ்தரிக்க அதிகமில்லை. ஒட்டகத்தின் மேல் ஏறுவதற்கு ஒரு கூலியும் இறங்குவதற்கு வேறு கூலியும் கேட்கிற பேர்வழிகளிடம் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கற்களைச் சுமந்தவர்களில் ஒருவனுடைய பெயர் நமக்குத் தெரியும். 2013-இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், மேரர் என்ற மேஸ்திரி சுமார் நாற்பது ஆட்களை வைத்துக்கொண்டு, நைலின் கீழ்க்கரையிலுள்ள துராவில் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி, மேற்குக் கரையில் கீஸாவுக்குக் கொண்டுவந்து இறக்கியதை, நாள் தவறாமல் குறித்து வைத்திருக்கிறான். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. பிரமிடின் மேல் கண்ணைப் பறிக்கும்படி போர்த்தியிருந்தது அந்தத் துராக் கல்தான்.

இன்று அந்தப் போர்வை, கீஸாவின் இரண்டாவது பிரமிடான காஃப்ரேயின் பிரமிடு உச்சியில்தான் ஒரு குல்லாயைப் போலக் கணிசமாக மீந்திருக்கிறது. 1196-இல் சுல்தான் சலாதீனின் மகன் மூன்றாவது பிரமிடை இடித்தே தீருவதென்று எட்டு மாதம் ஆள் வைத்துப் பார்த்து, வடபுறத்தில் ஒரு பள்ளம் விழுந்ததோடு சலித்துப்போய் நிறுத்திவிட்டான். 1303-இல் வந்த பெரும் பூகம்பம் அவனைக் காட்டிலும் நன்றாகவே வேலை செய்தது. தளர்ந்து விழுந்த வெண்கற்களைக் கெய்ரோவின் மசூதிகளுக்கும் மதில்களுக்குமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மேரர் மேற்கே கொண்டுவந்த கல், மூவாயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு மேல் கீஸாவில் வெயில் காய்ந்துவிட்டு, மறுபடியும் ஆற்றைக் கடந்து கீழ்க்கரைக்கே போய்ச் சேர்ந்தது. மாலையில் உங்கள் காரும் அந்தப் பக்கந்தான் பாலத்தைக் கடக்கும்.