422 பைட்டும் நம் எழுத்தும்

காசியோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி, வரைபடத்தைத் திரையிலேயே போட்டுக் காட்டிய முதல் கால்குலேட்டர். திரை 96-க்கு 64 புள்ளி. வரிக்கு 16 எழுத்தாக 8 வரி. நிரல் எழுத 422 பைட் இடம். சைன், லாக் போன்ற கட்டளை ஒவ்வொன்றும் ஒரே பைட்டில் அடங்கியது. மாறிகளுக்குப் பெயர் ஏ முதல் இசட் வரை 26 எழுத்துகள்தாம். ஒரு வரியைச் சுருக்கினால்தான் அடுத்த வரிக்கு இடம் கிடைக்கும் என்ற நிலை.

அதே காலத்தில் கும்மிடிப்பூண்டி வட்டத்து எளாவூரிலும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் பள்ளிப் பிள்ளைக்கு வரைபடம் என்றால் கிராஃப் தாளும் பென்சிலும்தான். எக்ஸுக்கு −3, −2, −1 என்று மதிப்புக் கொடுத்து, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவைக் கையால் இழுக்க வேண்டும். பெரிய பெருக்கலுக்கு லாக் புக். அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான சாட் 1994-இல் கால்குலேட்டரை உள்ளே விட்டது; நம் கணிதத் தேர்வு விடவில்லை.

இன்று கால்குலேட்டரிலேயே பைதான் ஓடுகிறது. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடமும் பைதான்தான். ஆனால் எளாவூர்ப் பிள்ளை அதற்கு வந்த வழி வேறு. வரைபடக் கால்குலேட்டர் என்ற படியில் கால் வைக்காமலே கிராஃப் தாளிலிருந்து கைபேசிக்குத் தாவியாயிற்று. கணிதப் பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ பக்கத்துக் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி திறக்கிறது; எண்ணை நகர்த்த நகர்த்த வளைவு விரிகிறது, சுருங்குகிறது.

கணினி எழுத்தின் கதையும் இட நெருக்கடியில்தான் தொடங்கியது. கணினியில் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்து 256 இடங்களுக்குள் அடைக்க 1990-களில் பாடுபட்டார்கள்; 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறியாக்கத் தரங்களை அறிவித்தது. 2010-இல் யுனிகோடு அரசின் தரமானது. அதில் தமிழுக்கு மட்டும் 128 இடங்கள். அண்டை வீட்டுத் தெலுங்குக்கும் அதே 128. இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகிறது. அந்தப் பழைய 422 பைட்டில் 140 குறிகள்தாம் கொள்ளும். இப்போது யாரும் பைட்டை எண்ணுவதில்லை. பைதான் 3-இல் மாறிக்கு ‘ஆழம்’ என்றோ ‘எடை’ என்றோ பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் கட்டளைகளே தமிழ்.

கிடைத்தது இடமும் மொழியும். போனது, இடம் போதாதபோது வந்த சிக்கனப் புத்தி. கிராஃப் தாள் மட்டும் போகவில்லை: பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடக் கணக்குக்கு இன்றும் 8 மதிப்பெண். அதைப் பழமை என்று தள்ள வேண்டாம். ஆசிரியர்கள் முதலில் கையால் புள்ளி வைக்கச் சொல்லட்டும். அதன் பிறகு கைபேசியைத் திறக்கட்டும். பைதானில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கவும் சொல்லிக்கொடுக்கட்டும்.