மூன்று கோடியே முப்பது லட்சம்

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் என் வீவக வீட்டுக் கூடத்தில் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு வரலாற்றுத் துணைப்பாடம் எடுக்கிறேன். வெர்சாய் உடன்படிக்கை வரும்போது பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள்: 1919, ஜெர்மனியின் படை ஒரு லட்சம் பேருக்குள் சுருக்கப்பட்டது, 1921இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று முடிவானது. அதோடு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையையும் நான் சேர்த்துச் சொல்வேன். என் தாத்தாவின் ஊர் கிருஷ்ணகிரி. அந்த உடன்படிக்கையின் பேரில் கைமாறிய ஊர் அது.

1792 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படையும், நிஜாம், மராட்டியர் படைகளும் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்தன. மார்ச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பணம் கட்டி முடியும்வரை மகன்கள் இருவர் பிணை. மைசூரின் ஆண்டு வருவாய் அப்போது ஏறத்தாழ இரண்டே கால் கோடிக்குச் சற்று மேல். அதிலும் பாதி போய்விட்டது. மிஞ்சிய நாட்டின் ஏறத்தாழ மூன்று வருட வருவாயை அப்படியே அள்ளிக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும். பிறகு யார் தலையில் விழும்? படைவீரனிடமும் குடியானவனிடமும் தண்டல் செய்துதான் திப்பு அதைக் கட்டினார்.

பிணைப் பிள்ளைகள் அப்துல் காலிக், முயிசுத்தீன் இருவருக்கும் பத்து வயதோ அதற்குக் குறைவோதான். சென்னைக்குக் கொண்டுபோனார்கள்; 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள். கார்ன்வாலிஸ் அவர்களைப் பரிவோடு வரவேற்பதாக ராபர்ட் ஹோம் ஓவியம் தீட்டினார். அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு மனம் கொதிக்கும். கடனுக்கு ஈடாகப் பிடித்த குழந்தையிடம் காட்டுவது பரிவாகுமா?

பணத்தைவிட நிலம்தான் மைசூரைச் சாய்த்தது. மிளகு விளையும் மலபார், குடகு, திண்டுக்கல், சேலத்தைச் சேர்ந்த பாரமகால் எல்லாம் கும்பினியிடம் போயின. கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் பாரமகாலில் இருந்தன. கீழ்நாட்டிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏறும் கணவாய்களுக்குக் காவலாக நின்றவை அந்தக் கோட்டைகள்தாம். வாசற்கதவைக் கழற்றி எதிரியிடம் கொடுத்துவிட்டுத் திப்பு வீட்டுக்குள் உட்கார வேண்டியதாயிற்று. பாரமகாலுக்குக் கும்பினி அதிகாரிகளாக அலெக்ஸாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய, குடியானவனிடமே நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறைக்கு அங்கேதான் வித்து விழுந்தது.

தோற்றவனுக்கு மானம் போனால் துணை தேடுவான். திப்பு பிரெஞ்சுக்காரரிடம் ஆள் அனுப்பினார். 1798இல் மொரீஷியஸிலிருந்து வந்தவர்கள் நூறு பேர் அளவில்தான். அப்போதைய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்குச் சண்டை தொடங்க அதுவே சாக்காகப் போதுமானதாக இருந்தது. 1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி, பாரமகால் வழியே, ராயக்கோட்டையைத் தாண்டி மேலேறியது. மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் மடிந்தார்.

வெர்சாய் ஜெர்மனியின் மானத்தைத் தொட்டது. தொழிற்சாலைகளையும் மக்கள்தொகையையும் பெரும்பாலும் விட்டுவைத்தது. அதனால் இருபதே ஆண்டில் ஐரோப்பா எரிந்தது. மைசூரிடம் பலத்தையே பறித்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானுக்கு 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் இளகிய சமாதானம் கிடைத்தது. அதன் வலி எங்கள் பக்கம் விழுந்தது: ஜப்பானிய ஆக்கிரமிப்புக்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 1966இல் உடன்பட்ட ஐந்து கோடி வெள்ளியில் பாதி நன்கொடை, பாதி கடன். அந்தப் போரில் மாண்டவர்களுக்கான கிராஞ்சி நினைவிடம் என் வீட்டிலிருந்து தூரமில்லை. ஆகவே, தோற்றவரிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்த குற்றத்துக்கு ஈடு கேட்பது நியாயம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தது அடுத்த போருக்கான ஏற்பாடு.

உங்கள் வீட்டுப் பிள்ளை வெர்சாய் படித்துக்கொண்டிருந்தால், கிருஷ்ணகிரி கைமாறிய கதையையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.