பூவா தலையா: ஒரு பேட்டையின் மக்கள்தொகைக் கணக்கு

ஃபேரர் பார்க் பேட்டையில் வாழ்வோர்க்கு கேகே மருத்துவமனையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1966-ஆம் ஆண்டில் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்குச் சராசரி 109. கின்னஸ் நூலிலும் அச்செய்தி இடம்பெற்றது. 2023-இல் சிங்கப்பூர் முழுவதிலும் பிறந்த குழந்தைகள் 34,000-ஐ எட்டவில்லை.

பள்ளியும் மருந்தகமும் ஒரே நாளில் எழுவதில்லை. ஆகவே, வருங்காலத்தில் எத்தனை பேர் இருப்பர் என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியுள்ளது. சராசரியைக் கொண்டு பெருக்கினால் போதாதா என வாசகர்கள் வினவலாம். நாடு முழுமைக்கும் ஓரளவு போதும். ஒரு புளோக்குக்குப் போதாது. ஏன் என்பதை ஒரு நாணயமே காட்டிவிடும்.

பதினாறு தாய்மார், ஆளுக்கு இரு குழந்தைகள் எனக் கொள்வோம். ஒவ்வொரு தாய்க்கும் நாணயத்தை இருமுறை சுண்டுவோம். பூ விழுந்தால் மகள். தலை விழுந்தால் மகன். மகள்களே அடுத்த தலைமுறையின் தாய்மார். சராசரிக் கணக்கில் என்றும் பதினாறு பேர்தாம். ஆனால் சுண்டிப் பார்த்தால் ஒருமுறை பதின்மூன்றும் மறுமுறை பத்தொன்பதும் வருவதில் வியப்பில்லை. ஒரு தாயின் பெண்வழி முதல் தலைமுறையிலேயே அற்றுப்போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூன்றாம் தலைமுறைக்குள் அது ஏறத்தாழ 48 விழுக்காடாகிறது! சராசரியோ அணுவளவும் குறையவில்லை. எஞ்சிய குடும்பங்கள் கிளைத்து அதனை ஈடுசெய்கின்றன. (மெய்யாகவே ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறப்பதாலும், எல்லாப் பெண்மக்களும் தாய்மைப் பருவத்தை எட்டாமையாலும், மக்கள்தொகை நிலைபெறத் தாய்க்கு இரண்டு அன்று, 2.1 குழந்தைகள் வேண்டும்.)

இவ்வினாவை 1873-இல் இங்கிலாந்தின் கால்ட்டன் எழுப்பினார். விடை தந்த வாட்சன் பாதிரியார், பெருகிவரும் குடும்பங்களும் முடிவில் அழிந்தே தீரும் எனத் தவறாக முடிவு கட்டினார். கணக்கறிஞர்க்கும் சறுக்கும்! 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த உலாம் என்னும் அறிஞர், தனியே சீட்டாடுகையில் வேறொரு வழியைக் கண்டார்: சூத்திரத்தைத் தேடி அலைவதைவிட ஆட்டத்தைப் பலமுறை ஆடி விடையை எண்ணிப் பார்க்கலாம். சூதாட்டத்திற்குப் பெயர்பெற்ற மான்டி கார்லோவின் பெயர் அம்முறைக்கு அமைந்தது. நாம் நாணயத்தில் செய்ததைக் கணினி நொடிப்பொழுதில் ஆயிரம் முறை செய்கிறது. பாலர் பள்ளியில் ஆயிரத்தில் எத்தனை முறை இடம் போதாமற்போகிறது என்று எண்ணினால், துணிந்து முடிவெடுக்க முடிகிறது.

எனினும் நாம் எந்த வாய்ப்பளவை ஊட்டுகிறோமோ, அதற்கேற்ற விடையையே கணினி தரும். ‘இரண்டு போதும்’ என்னும் இயக்கம் 1972-இல் தொடங்கியது. 1970-களின் நடுப்பகுதியிலேயே பிறப்பு விகிதம் 2.1-ஐவிடக் கீழிறங்கிற்று. 1987-இல், வசதியுள்ளோர் மூன்று அல்லது அதற்கு மேலும் பெறலாம் எனக் கொள்கை திரும்பியது, வீழ்ச்சியோ நிற்கவில்லை. 2023-இல் விகிதம் 0.97. அந்த அளவில் நம் பதினாறு தாய்மார்க்குப் பின் எட்டுப் பேர்கூட இரார்; அவர்கட்குப் பின் நால்வரும் இரார். பிறநாட்டிலிருந்து வந்து குடியேறுவோரை மட்டும் இந்த நாணயம் எண்ணுவதில்லை. அவர்கட்குத் தனிக் கணக்கு வேண்டும்.